ஆடி மாதத்தில் எடுத்த நம்பர்

எங்கள் அப்பாவுக்கு ஊரில் அறுபத்தேழுக்காரர் என்று பெயர். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் அடுத்த தெருவிலேயே யோசிப்பார்கள். அறுபத்தேழுக்காரர் வீடு என்றால் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் வெற்றிலை விற்கிறவர்கூட வழி சொல்லுவார். அவர் முதன்முதலில் வாங்கிய லாரியின் நம்பர் 3167. கடைசி இரண்டு எண்ணே அவருக்குப் பெயராகிவிட்டது.

அந்த நம்பரை அவர் தேடிப்போய் வாங்கவில்லை. நாலு எண்ணையும் கூட்டினால் எட்டு வருகிறது, சனி நம்பர் என்று பயந்து யாரோ தள்ளிவிட்ட பழைய லாரி அது. அதனாலேயே மலிவாகக் கிடைத்தது. அந்த லாரியில் தேங்காய் ஏற்றி அனுப்பித்தான் அப்பா தலையெடுத்தார். தோப்பு வாங்கினார், கொப்பரைக் களம் போட்டார். "சனி நம்மகிட்ட சம்பளத்துக்குச் சேந்துட்டான்" என்று சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பிறகு எந்த வண்டி வாங்கினாலும் அதே நம்பர்தான். ஜீப்புக்கும் அதுதான், காருக்கும் அதுதான். கடைசிக் காலத்தில் தோப்புக்குப் போய்வர வாங்கிய மொபெட்டுக்கும் புதுக்கோட்டை ஆர்டிஓ ஆபீசில் தனியாகப் பணம் கட்டி அதையே வாங்கினார். நாலு ஒன்று, நாலு ஒன்பது என்று ஆட்கள் சிபாரிசு பிடித்து அலையும் இடத்தில் ஒருவர் வந்து எட்டுக் கூட்டு நம்பரைக் காசு கொடுத்துக் கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிரித்தார்களாம். அப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் வந்தார்.

இதையெல்லாம் நான் எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடையில் போய் நின்றால் அவர்களாகவே என்ன வேண்டும் என்று கேட்கும் வரை நிற்பேன். கேட்காவிட்டால் திரும்பி வந்துவிடுவேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியதற்கும் மார்க் குறைந்தது காரணமில்லை. பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம், வேறு முகங்கள். அதற்குப் பயந்து வீட்டோடு இருந்துகொண்டேன்.

அப்படிப்பட்ட எனக்கு அந்த நம்பர் வாயாக இருந்தது. அப்பாவின் ஜீப்பிலிருந்து இறங்கினால் போதும், நான் எதுவும் சொல்ல வேண்டாம். "அறுபத்தேழுக்காரர் மக வந்திருக்கு, மொதல்ல அதப் பாரு" என்பார்கள். ஆஸ்பத்திரியிலும் ஜவுளிக்கடையிலும் நான் வாய் திறந்து வேலை நடந்ததாக எனக்கு நினைவே இல்லை. நம்பருக்காக லட்சக்கணக்கில் கொட்டுகிறவர்களைப் பற்றிப் பேப்பரில் வந்தால் என் வீட்டுக்காரர் சத்தமாகப் படித்துச் சிரிப்பார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அவர். "எந்த நம்பரப் போட்டாலும் அதே பெட்ரோல்தான் குடிக்கும்" என்பார். எனக்குச் சிரிப்பு வராது. அவர்கள் எதை வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தாங்கள் வந்து சேருவதற்கு முன்னாலேயே தங்களைப் பற்றிச் சொல்லிவைக்க ஓர் ஆளை வாங்குகிறார்கள்.

கல்யாணமாகி ஆலங்குடிக்கே வந்துவிட்டேன். பிறந்த ஊர் கூப்பிடு தூரம்தான். ஆனால் அப்பா இருந்த வரைக்கும்தான் அது பிறந்த வீடு.

அப்பா இறந்து காரியமெல்லாம் முடிந்ததும் அண்ணன் என்னைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எதிரே நின்று பேசிப் பழக்கமில்லை. தோப்பிலும் களத்திலும் எனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் எழுதியிருந்ததற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். எங்கள் பக்கம் பெண் பிள்ளைகள் எல்லாரும் போடுவதுதான். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று அப்போது நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அதுவும் நேரே கேட்காமல் என் வீட்டுக்காரரை விட்டுக் கேட்டேன். அப்பாவின் மொபெட் எனக்கு வேண்டும்.

"அதுக்கென்ன மச்சான், தாராளமா எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார் அண்ணன்.

நான் போன அன்று வீட்டில் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மொபெட்டைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார் அண்ணன். நான் ஸ்டாண்டை எடுக்கப் போனேன். "இரு ஆத்தா, ஒரு நிமிசம்" என்று உள்ளே போனவர் ஸ்குரூ டிரைவரோடு வந்தார். எல்லாரும் பார்க்கக் குத்தவைத்து உட்கார்ந்து முன்னால் இருந்த நம்பர் பிளேட்டைக் கழற்றினார். பிறகு பின்னால் இருந்ததையும் கழற்றினார்.

"வண்டி ஒனக்கு. நம்பரு இந்த வீட்டுது. கட்டிக் குடுத்த பொண்ணுக்கு நம்ம நம்பரு எதுக்கு?"

யாரோ ஒரு பெரியவர், "அதான, ஆம்பளப் புள்ள வழிதான பேரு வரும்" என்றார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் இரண்டு பிளேட்டையும் வேட்டியில் துடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இத்தனை வருடத்தில் எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருக்கிறேன். அன்று ஸ்டாண்டைத்தான் எடுத்தேன். மூக்கறுந்த மாதிரி நின்ற அந்த வண்டியில் ஏறி ஓட்டிக்கொண்டு வந்தேன்.

ஊர் எல்லை தாண்டி முந்திரிக்காடு முடிகிற இடத்தில் போலீஸ் நின்றது.

"நம்பர் எங்கம்மா?"

நான் வண்டியை ஓரமாக ஸ்டாண்ட் போட்டேன்.

"ஏம்மா, ஒன்னத்தான். நம்பர் இல்லாத வண்டிய எங்கேர்ந்து ஓட்டிட்டு வார? ஆர்சி புக் இருக்கா?"

ஆர்சி புக்கும் அண்ணனிடம்தான் இருந்தது. அறுபத்தேழுக்காரர் மகள் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அதைச் சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை. சொன்னாலும், காட்டுவதற்கு என்னிடம் என்ன இருந்தது? தகவல் கேட்டு என் வீட்டுக்காரர் வேனைப் போட்டுவிட்டு ஓடிவரும் வரை ரோட்டோரத்தில் திருட்டு வண்டி பிடிபட்டவளைப் போல நின்றேன். எங்கள் ஊர் டவுன் பஸ் ஒன்று கடந்து போனது. அதில் எனக்குத் தெரிந்த முகங்கள் ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயின.

மொபெட் எங்கள் வீட்டுப் பின்பக்கம் தென்னங்கீற்றுக்கு நடுவே நின்று துருப்பிடித்தது. கடைசியில் பழைய இரும்புக்காரரிடம் போட்டோம். அண்ணன் அந்தப் பிளேட்டுகளைச் சாமி ரூமில் அப்பா படத்துக்குக் கீழே மாட்டிவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதன் பிறகு அவர் வாங்கிய காருக்கும் அதே நம்பர். கொஞ்ச நாளில் ஊர் அவரை அறுபத்தேழுக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

எனக்கு மறதி கிடையாது. வீட்டில் ரவிக்கை தைப்பது என் தொழில். தையல் மிஷினில் உட்கார்ந்தால் மணிக்கணக்காக யாரோடும் பேச வேண்டியதில்லை. பேசாமல் இருப்பவர்கள் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள் என்று பேசுகிறவர்கள் நினைக்கிறார்கள். நான் காலால் மிஷினை மிதித்துக்கொண்டே அந்த ஸ்குரூ டிரைவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லது கெட்டதுக்கு அண்ணன் வீட்டுக்குப் போவேன், சாப்பிடுவேன், வருவேன். ஒரு தடவைகூட அந்தக் காரில் ஏறியதில்லை. ஏறச் சொல்லி அவரும் கேட்டதில்லை.

போன வருடம் ஆனி மாதக் கடைசியில் அண்ணனும் அண்ணியும் வீட்டுக்கு வந்தார்கள். மகனுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. அத்தை முறைக்கு நான் இல்லாமல் சடங்கு நடக்காது, அதனால் நேரில் சொல்ல வந்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம், ஆலங்குடியில்தான் மண்டபம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆண் பிள்ளை மாப்பிள்ளையானால் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு அந்த நம்பர் வண்டியில்தான் போக வேண்டும். அப்பா வைத்தது. அண்ணன் ஜீப்பில் போனார். இப்போது அவர் மகனுக்காகப் பெரிய வெள்ளைக் கார் ஒன்றுக்குச் சொல்லிவைத்திருந்தார்.

"பழச எக்ஸ்சேஞ்சுல தள்ளியாச்சு மச்சான்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "புதுசு ரெடியாத்தான் நிக்கிது. ஆடி பொறக்கப்போவுது, ஆடியில வண்டி எடுக்க முடியுமா? ஆவணி மொத முகூர்த்தத்துல எடுத்து, அன்னைக்கே நம்பருக்கும் பணத்தக் கட்டிர வேண்டியதுதான்."

"நம்பரு அதுவரைக்கும் இருக்குமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். சும்மாதான் கேட்டார்.

"எங்க போவும்? சீரிசு இப்பதான் ரெண்டாயிரத்துச் சொச்சத்துல ஓடுது. ஆடியில நத்த மாதிரிதான் நகரும். எவன் வண்டி எடுப்பான்? அதுவும் எட்டுக் கூட்டு. நம்மளத் தவிர அத எவன் தொடுவான்?"

காப்பி கொடுக்க வந்த என்னைப் பார்த்து, "என்ன ஆத்தா, ஒங்க வீட்டு வேனு நம்பரு என்ன? ஒனக்கே தெரியாதுல்ல?" என்றார். அண்ணி சிரித்தார். அதே சிரிப்பு. "அதெல்லாம் ஒரு ராசி வேணும்" என்று அண்ணன் காப்பியை ஆற்றினார்.

அவர்கள் போன பிறகு டம்ளரைக் கழுவாமல் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவர் தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இந்த விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வண்டி நம்பர் ஒன்றிலிருந்து 9999 வரை ஓடும். முடிந்ததும் முன்னால் இருக்கும் இங்கிலீஷ் எழுத்து மாறி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். அதனால் ஒரு சீரிசில் 3167 ஒன்றே ஒன்றுதான். பெரிய கார், சின்ன ஸ்கூட்டர் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. வண்டி எடுத்து, சீரிசு அந்த எண்ணை எட்டுவதற்கு முன்பே முறைப்படி கேட்டு முதலில் பணம் கட்டியவருக்கு அது போகும். தவறவிட்டால் அடுத்த எழுத்து வரும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கல்யாணம் காத்திருக்காது.

என்னிடம் தைக்கக் கொடுக்கும் பெண் ஒருத்தி புதுக்கோட்டையில் ஸ்கூட்டர் ஷோரூமில் வேலை பார்க்கிறாள். ஆடி பிறந்த அன்று ரவிக்கை வாங்க வந்தாள். அளவு சரியாக இருக்கிறதா என்று அவள் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் முதுகைப் பார்த்துக் கேட்டேன். முகத்தைப் பார்த்தால் கேட்டிருக்க மாட்டேன்.

"ஸ்கூட்டர் ஒண்ணு எடுக்கணும். நம்பர் நாம கேக்கலாமா?"

"கேக்கலாங்க்கா, அதுக்குத் தனியா பணம் கட்டணும். ஆடியிலயா எடுக்கப்போறீங்க? ஒரு மாசம் பொறுத்து எடுங்களேன்."

"ஆடியிலதான் வேணும்."

அவள் திரும்பினாள். "என்ன நம்பருக்கா?"

சொன்னேன். அவள் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்து, "ஐயையோ எட்டுல்ல வருது! வேற நல்ல நம்பரா நான் பாத்துச் சொல்றேன், கூட்டினா ஒம்பது வார மாதிரி" என்றாள்.

"எட்டுதான் வேணும்."

"ஆடியில, எட்டு நம்பரு" என்று எண்ணிச் சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஒங்க மாதிரி ஒரு கஸ்டமர இன்னிக்குத்தாங்க்கா பாக்குறேன். மேனேஜர் சார் கோயில் கட்டிக் கும்புடுவாரு."

ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஆடியில யாராவது வண்டி வாங்குவாளா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?" என்றார். நான் நம்பரைச் சொன்னேன். கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் புரையேறும் வரை சிரித்தார்.

"அடிப் பாவி. வாயில்லாப் பூச்சின்னு சொல்லித்தான ஒன்ன எனக்குக் கட்டி வச்சாங்க."

"ஒங்களுக்குப் பிடிக்கலன்னா வேண்டாம்."

"யாரு சொன்னா பிடிக்கலன்னு? அன்னைக்கு ரோட்டுல போலீஸ்காரன் கையப் பிடிச்சுக் கெஞ்சுனது நான்தான."

ஷோரூமில் ஈ காக்கை இல்லை. ஆடித் தள்ளுபடி என்று தோரணம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தைத்துச் சேர்த்த சீட்டுப் பணத்தைக் கட்டினேன். ஒரு ஹெல்மெட்டும் ஒரு குக்கரும் இனாம் என்றார்கள். மேனேஜர் தன் பங்குக்கு, "நம்பர் மட்டும் ஒரு தடவ யோசிச்சுக்குங்கம்மா, பின்னாடி ஏதாவது ஆச்சுன்னா எங்களச் சொல்லக் கூடாது" என்றார். ஏதாவது ஆக வேண்டும் என்றுதான் வாங்குகிறேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா? தலையை மட்டும் ஆட்டினேன்.

நம்பர் உறுதியாகி வரும் வரை எனக்குத் தூக்கமில்லை. அண்ணனுக்கு ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் ஒரு புரோக்கர் பழக்கம். அந்த ஆள் கண்ணில் பட்டால் கெட்டது. போன் அடித்தால் மிஷினை நிறுத்திவிட்டு ஓடுவேன். ஒரு மத்தியானம் அந்தப் பெண் போன் செய்து, "அக்கா, ஒங்க சனி ஒங்களுக்கே கெடச்சிருச்சு, வாழ்த்துக்கள்" என்றாள். அப்போது தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையின் கை ஒன்றைத் தலைகீழாக வைத்துத் தைத்து முடித்திருந்தேன். அதைப் பிரித்தபோது எனக்கு எரிச்சலே வரவில்லை.

இப்போதெல்லாம் நம்பர் பிளேட் ஒரே அச்சில்தான் வருகிறது. அப்பா காலத்தில் போல வளைத்து எழுதவோ ஓரத்தில் பூப்போடவோ முடியாது. வெள்ளைத் தகட்டில் கறுப்பாக நாலு எண், அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. வண்டியை எடுத்து வந்த அன்று வீட்டுக்குப் போகவில்லை. நேரே பிறந்த ஊருக்கு விட்டேன். தேங்காய் மண்டிகளைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, அண்ணனின் கொப்பரைக் களத்தை ஒட்டிய ரோட்டில் மெதுவாகப் போனேன். களத்தில் கொப்பரை கிளறிக்கொண்டிருந்தவர்கள் முதலில் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார்கள். ஒருவர் அனிச்சையாகத் தலைத்துண்டை எடுத்தார். எடுத்த பிறகுதான் ஓட்டுவது யார் என்று பார்த்துவிட்டு விழித்தார். கோடி வரை போய்த் திருப்பிக்கொண்டு மறுபடியும் அதே வழியில் வந்தேன்.

அன்று சாயங்காலமே அண்ணன் வந்துவிட்டார், கூடவே அண்ணியும். வாசலில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

"யாரு யோசன இது? மச்சான் யோசனையா?"

"எனக்கெதுக்குங்க நம்பரு? நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுறவன்" என்றார் என் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒனக்கு வண்டி வேணும்னா கேட்டா வாங்கித் தந்திருக்க மாட்டனா? இத ஷோரூம்லயே திருப்பிக் குடுத்துரு. இதவிட நல்லதா நான் எடுத்துத் தாரேன்."

"திருப்பிக் குடுத்தாலும் நம்பரு வராதாம். வண்டியோட போச்சுன்னு சொன்னாங்க" என்றேன். குரல் நடுங்கியது. ஆனாலும் வந்தது.

"கல்யாணத்துக்கு அந்த நம்பரு வேணும்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

அந்த ஒரு வார்த்தையை அவர் எதிர்பார்க்கவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்வேன், திட்டிவிட்டு மன்னிக்கலாம் என்று வந்திருப்பார் போல.

அண்ணி அழ ஆரம்பித்தார். "நம்பரு இல்லாத வண்டியில எம்புள்ள போனா வெளங்குமா? நீ ஒரு பொம்பளயா? தான் பொறந்த வீடு நல்லா இருக்கக் கூடாதுன்னு நெனக்கிறியே."

"ஆடியில எவன் எடுப்பான்னு அண்ணேதான் கேட்டாங்க" என்றேன். "நான் எடுத்தேன்."

அண்ணன் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "அப்பா இருந்தா ஒன்ன வெட்டிப் போட்டிருப்பாரு" என்றார். இருக்கலாம். அப்பா இருந்திருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பார், அவர் எப்போதும் பிள்ளை பக்கம்தான். அதற்காக நான் வருத்தப்படவில்லை. அவரிடமும் எனக்குத் தீர்க்க வேண்டிய கணக்கு கொஞ்சம் பாக்கி இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர்கள் எவ்வளவோ செய்து பார்த்தார்கள். ஸ்டிக்கர் கடையில் அந்த நம்பரை அடித்து ஒரு நாளைக்கு மட்டும் காரில் ஒட்டிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்களாம். போலீஸ் பிடித்து, இந்த நம்பர் யார் பேரில் இருக்கிறது என்று பெண் வீட்டார் எதிரில் கேட்டால் தங்கச்சி பேரைச் சொல்ல வேண்டுமே என்று அண்ணன் வேண்டாம் என்றாராம். புரோக்கரை அடிக்கப் போனாராம். இதையெல்லாம் சொன்னவர்கள் என் வாயைக் கிளறத்தான் சொன்னார்கள். நான் தைத்துக்கொண்டே கேட்டேன். ஒவ்வொன்றும் இனிப்பாக இருந்தது. இதைப் படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, அந்த ஆடி மாதம்போல எனக்கு ஒரு மாதம் அமைந்ததில்லை.

ஆவணி பிறந்தது. வெள்ளைக் கார் வந்தது, யாருக்கும் ஞாபகம் நிற்காத ஏதோ ஒரு நம்பரோடு. பத்திரிகை எனக்கும் வந்தது. அத்தை முறையை விட்டுவிட முடியாதே.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் ஸ்கூட்டரிலேயே பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து வந்தார். கார் கோயில் வாசலில் பூ ஜோடனையோடு நின்றது. நம்பர் பிளேட் இருந்த இடத்தில் கொத்தாகச் சாமந்தியைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார்கள். மறைத்ததுதான் வினையாகிவிட்டது. வருகிற சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் பூவை விலக்கிப் பார்த்தார்கள். "என்னப்பா, அறுபத்தேழக் காணோம்?" என்று ஒருவர் கேட்டால், இன்னொருவர் கண்ணால் என் ஸ்கூட்டரைக் காட்டினார். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், அந்த நம்பர் வண்டியில்தான் மாப்பிள்ளை வருவார் என்று சொன்னீர்களே என்று அண்ணனிடமே நேராகக் கேட்டுவிட்டார்.

மேளக்காரர்கள் தயாராக நின்றார்கள். அண்ணியின் அழுகை கோயிலுக்குள்ளிருந்து கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளைப் பையன் மாலையும் பட்டு வேட்டியுமாக என்னிடம் வந்தான். நல்ல பையன். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

"அத்தை, சாவியக் குடுங்களேன். மண்டபம் வரைக்குந்தான். நானே ஓட்டிட்டுப் போயிர்றேன்."

"யாரு அனுப்புனா?"

"அம்மா. எனக்கு இதுல எல்லாம் ஒண்ணும் இல்லத்தை. அவங்க அழுகைய நிப்பாட்டணும்."

"ஒங்கப்பா என்ன சொன்னாரு?"

அவன் தரையைப் பார்த்தான்.

"அவர வந்து கேக்கச் சொல்லு."

அண்ணன் வந்தார். அவரோடு கூட்டமும் வந்தது. இத்தனை முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் முன்பெல்லாம் எனக்குத் தலை சுற்றும். அன்றும் சுற்றியது. சாவியை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"சாவியக் குடு" என்றார்.

என் வீட்டுக்காரர் ரொம்பப் பணிவாக, "மச்சான், கேக்குற மாதிரி கேட்டாக் குடுப்பா" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அண்ணனின் முகம் கறுத்தது. பெண் வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நேரம் போய்க்கொண்டிருந்தது. "ஆத்தா" என்றார். தொண்டையைச் செருமினார். "வண்டிய ஒரு தடவ குடு ஆத்தா. நம்ம வீட்டுப் புள்ளைக்குத்தான கேக்குறேன்."

இந்த இடத்தில் சாவியைக் கொடுத்திருந்தால் நல்ல பெயர் கிடைத்திருக்கும். அத்தை பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாள் என்று பேசியிருப்பார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"வண்டியத் தர மாட்டேன்" என்றேன். "நான் ஓட்டுறேன். தம்பி பின்னாடி ஒக்காரட்டும்."

அண்ணன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"பொம்பள முன்னாடி ஓட்ட, மாப்பிள்ள பின்னாடி தொத்திக்கிட்டு வாரதா? ஊரு சிரிக்காதா?"

"அப்ப கார்ல கூட்டிட்டுப் போங்க அண்ணே."

அவர் காரின் பக்கம் திரும்பினார். அதற்குள் பையனே முடிவு செய்துவிட்டான். வேட்டியைத் தூக்கிக்கொண்டு, மாலை கசங்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தான். "ஏறியாச்சு அத்தை. விடுங்க, போவோம்" என்று சிரித்தான். அவனுடைய கூட்டாளிகள் விசிலடித்தார்கள்.

மேளம் முன்னால் போக, நடக்கிற வேகத்தில் ஸ்கூட்டரை ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே போனேன். கடைத்தெரு முழுக்க ஆட்கள் வெளியே வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். போன் தூக்கிப் படமெடுத்தார்கள். யார் முகத்தையும் பார்க்காமல் மேளக்காரரின் முதுகையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். "அறுபத்தேழு வருது, வழிய விடுங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள். அது என்னைச் சொன்னது.

இரண்டு தடவைதான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். வெள்ளைக் கார் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. முன் சீட்டில் அண்ணன், டிரைவருக்குப் பக்கத்தில், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணுக்கு நேராக என் வண்டியின் பின்பக்கம் இருந்தது. அதைப் பார்க்காமல் ரோட்டைப் பார்க்க முடியாது.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் எங்களைப் பார்த்ததும் குழம்பிவிட்டார்கள். யாருக்குச் சுற்றுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளை இறங்கட்டும் என்று ஒருத்தி சொன்னாள். அவன் இறங்கவில்லை. நான் வண்டியை ஓரம் கட்டவும் இல்லை. கடைசியில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்து மூன்று முறை சுற்றி, அவனுக்குப் பொட்டு வைத்த கையோடு எனக்கும் வைத்தார்கள்.

வாசலை அடைத்துக்கொண்டு நாங்கள் நின்றதால் கார் உள்ளே வர முடியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தது. ஒரு தடவை அடித்து நின்று, மறுபடியும் அடித்தது. "அத்தை, அப்பாதான்" என்றான் பையன் என் காதருகில். தெரியும் என்றேன். ஆரத்தித் தண்ணீரை வாசலில் கொட்டி முடிக்கும் வரை நான் நகரவில்லை.